சர்வருக்கு எந்த மொழி? முப்பதாண்டுக் கேள்வியும் அதன் விடைகளும்

உலாவிக்குள் ஓடும் மொழி எது என்று கேட்டால் தயக்கமின்றி ஜாவாஸ்கிரிப்ட் என்று சொல்லிவிடலாம். வேறு மொழியில் எழுதப்படுவதும் பெரும்பாலும் கடைசியில் ஜாவாஸ்கிரிப்டாக மாறித்தான் அங்கே ஓடுகிறது. சர்வரில் நிலைமை வேறு. அது தளத்தை நடத்துபவரின் சொந்த இடம். பெர்ல், பிஎச்பி, ஜாவா, பைத்தான், ரூபி, கோ, ரஸ்ட், எலிக்சிர் என எதில் எழுதினாலும் பயனரிடம் போய்ச் சேர்வது வெறும் எச்டிஎம்எல்லும் தரவும்தான். உள்ளே ஓடிய மொழி எது என்று அவருக்குத் தெரியப்போவதில்லை. இப்படி எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்பதாலேயே, சர்வரில் எந்த மொழி நிலைக்கும் என்ற கேள்வி 1990களிலிருந்து ஓயாமல் கேட்கப்பட்டு வருகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு விடை உறுதியாக முன்வைக்கப்பட்டது. பெரும்பாலானவை பாதி சரியாகவும் பாதி தவறாகவும் முடிந்தன.

அந்த விடைகளைத் திரும்பப் பார்த்தால் ஒரு போக்கு தென்படுகிறது. கணித்தவர்கள் மொழியின் குணங்களை எடைபோட்டார்கள்: சுருக்கம், வேகம், பிழை பிடிக்கும் திறன். நடந்ததோ பெரும்பாலும், நிரல் எங்கே ஏற்றப்படுகிறது, அங்கே ஏற்றுவதற்கு எவ்வளவு செலவாகிறது என்பதைப் பொறுத்து நடந்தது. இது எல்லாவற்றையும் விளக்கும் விதி என்று சொல்வதற்கில்லை. ஆனால் மற்ற விளக்கங்கள் தடுமாறும் இடங்களில் இது ஓரளவு நின்று பதில் சொல்கிறது.

இடம் மாறியபோது மொழி மாறியது

இணையப் பக்கத்தை நிரல் கொண்டு அப்போதைக்கப்போது உருவாக்கும் வழக்கம் 1993இல் என்சிஎஸ்ஏ சர்வரில் வந்த சிஜிஐ முறையோடு பரவத் தொடங்கியது. கோரிக்கை வந்தால் சர்வர் ஒரு நிரலைத் தொடங்கும். நிரல் அச்சிடுவதை அப்படியே உலாவிக்கு அனுப்பும். எந்த மொழிக்கும் இது பொருந்தும் என்றாலும் பெர்ல் முந்திக்கொண்டது. 1987இல் லாரி வால் உருவாக்கிய பெர்ல் உரையை வெட்டி ஒட்டுவதில் தேர்ந்தது. யூனிக்ஸ் இயந்திரங்களை நிர்வகிப்பவர்கள் அதை ஏற்கெனவே கையாண்டு வந்தார்கள். புதிதாக எதையும் நிறுவ வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

அடுத்து வந்த பிஎச்பியின் கதை இன்னும் தெளிவானது. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994இல் தன் சொந்தப் பக்கத்துக்காக எழுதிய சிறு கருவிகளை மறு ஆண்டு பொதுவில் வெளியிட்டார். 1998இல் ஜீவ் சுராஸ்கியும் ஆண்டி கட்மன்ஸும் புதிதாக எழுதிய உள்கட்டமைப்போடு மூன்றாம் பதிப்பு வந்தது. மொழி வடிவமைப்புக் கண்ணோட்டத்தில் அதில் குறை சொல்ல நிறைய உண்டு. பங்சன்களின் பெயரிடலில் ஒழுங்கில்லை, மதிப்புகளை ஒப்பிடும் விதிகள் குழப்பமானவை. ஆனாலும் மலிவு விலை ஹோஸ்டிங் சந்தையை அது முழுமையாகப் பிடித்தது. காரணம் அது ஓடும் விதத்தில் இருந்தது.

ஒரே அப்பாச்சி சர்வர். அதில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர். எஃப்டிபி வழியாகக் கோப்பை ஏற்றினால் போதும், தளம் ஓடத் தொடங்கிவிடும். கோரிக்கை வரும்போது பிஎச்பி சுத்தமான நினைவகத்தோடு தொடங்குகிறது. பதில் போனதும் உருவாக்கியவை அனைத்தையும் தூக்கி எறிந்துவிடுகிறது. ஒரு பக்கத்தில் நினைவகம் கசிந்தாலும் அடுத்த கோரிக்கைக்கு அந்தக் கசிவு போய்ச் சேராது. யாரும் வராத தளத்துக்கு ஹோஸ்டிங் நிறுவனம் நினைவகம் ஒதுக்கி வைக்க வேண்டியதும் இல்லை. அதே காலத்தில் வந்த ஜாவா சர்வ்லெட் இதற்கு நேர்மாறானது. அது தொடங்கினால் ஓடிக்கொண்டே இருக்கும், வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் நிரந்தரமாக நினைவகத்தைப் பிடித்து வைத்திருக்கும். வங்கிக்கு அது கட்டுப்படியாகும், மாதம் சில டாலர் கட்டும் சிறு கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. ஜாவா பெருநிறுவனங்களுக்கும் பிஎச்பி மற்ற அனைவருக்கும் என்று சந்தை பிரிந்ததில் மொழியின் அழகுக்குப் பங்கு குறைவே.

பின்னால் வந்தவற்றிலும் இதன் சாயல் தெரிகிறது. தனித்தனி மெய்நிகர் இயந்திரங்கள் மலிவானபோது ரூபியின் ரெயில்ஸும் பைத்தானின் ஜாங்கோவும் பரவ இடம் கிடைத்தது. 2013இல் டாக்கர் வந்து கன்டெய்னர் பழக்கமானபோது, சார்புகள் ஏதுமின்றி ஒரே கோப்பாகத் தொகுக்கப்படும் கோ மொழி அதற்கென்றே அளவெடுத்ததுபோல் பொருந்தியது. சர்வரைத் தனியே நிர்வகிக்காமல் நிரலை மட்டும் ஏற்றி ஓட்டும் லாம்டா சேவையை 2014 நவம்பரில் அமேசான் அறிமுகப்படுத்தியபோது அதில் ஓடியது சர்வருக்கான ஜாவாஸ்கிரிப்டான நோட்.ஜேஎஸ் மட்டுமே. ஜாவாவும் பைத்தானும் அடுத்த ஆண்டுதான் சேர்ந்தன. 2017இல் வந்த கிளவுட்ஃபிளேர் வொர்க்கர்ஸ் குரோம் உலாவியின் வி8 இயந்திரத்தையே அடிப்படையாகக் கொண்டதால் ஜாவாஸ்கிரிப்ட் அங்கே வீட்டுப்பிள்ளையாக நுழைந்தது.

திறன் மிக்க மொழி வெல்லும் என்ற கட்சி

இந்தக் கட்சியின் பழைய சாசனம் பால் கிரகாம் 2001இல் எழுதிய கட்டுரை. தம் வயாவெப் நிறுவனம் லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டதாலேயே போட்டியாளர்களைவிட விரைவாகப் புதிய வசதிகளைத் தர முடிந்தது என்பது அவர் வாதம். உலாவி சார்ந்த மென்பொருளில் வாடிக்கையாளரின் இயந்திரம் எதுவென்ற கட்டாயம் கிடையாது. ஆகவே சிறந்த மொழியைத் தேர்ந்தெடுப்பவருக்கே வெற்றி என்றார் அவர். 2004இல் டேவிட் ஹைன்மையர் ஹான்சன் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸ் இந்த எண்ணத்தைப் பெருந்திரளிடம் கொண்டு சேர்த்தது. பக்கம் பக்கமாக அமைவுக் கோப்புகள் எழுதிப் பழகிய ஜாவாக்காரர்களுக்கு, பெயரிடும் வழக்கத்தை வைத்தே பாதி வேலையைத் தானே முடித்துக்கொள்ளும் ரெயில்ஸ் பெரிய விடுதலையாக இருந்தது.

வாதத்தின் பலவீனமும் அதே எடுத்துக்காட்டுகளில்தான் இருக்கிறது. வயாவெப்பை வாங்கிய யாகூ பின்னர் அதை வேறு மொழிகளில் மாற்றி எழுதியது. லிஸ்ப் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிப்பது பெரிய நிறுவனத்துக்கு எளிதல்ல. ரெயில்ஸைப் பொறுத்தவரை, அதன் நல்ல எண்ணங்களைப் பிற மொழிகள் சில ஆண்டுகளிலேயே எடுத்துக்கொண்டன. பிஎச்பியின் லாராவெல் அவற்றுள் முக்கியமானது. ஒரு மொழியின் தனிச்சிறப்பு அந்த மொழியிலேயே தங்குவதில்லை என்றால், அதை நம்பி எதிர்காலம் கணிப்பது கடினம்.

லியோ மேயரோவிச்சும் ஏரியல் ராப்கினும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது நிரலாளர்களை எது நகர்த்துகிறது என்று அவர்கள் தேடினார்கள். கிடைக்கும் லைப்ரரிகள், ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் நிரல், குழுவின் பழக்கம் ஆகியவை முன்னே நின்றன. மொழிக்கே உரிய குணங்கள் பின்தங்கின. மொழி ஆய்வாளர்கள் எவற்றைப் பெரிதும் மெருகேற்றுகிறார்களோ, அவற்றுக்குத் தேர்வில் எடை குறைவு என்று இதைப் படிக்க இடமுண்டு.

ஒரே மொழி போதும்

சர்வரிலும் உலாவியிலும் ஒரே மொழி என்ற கனவு பழையது. அதற்கு உயிர் கொடுத்தது 2009இல் ரயன் டால் வெளியிட்ட நோட்.ஜேஎஸ். ஆனால் அவரது தொடக்கக் கவலை மொழி ஒற்றுமையைப் பற்றியதல்ல. ஒரே சர்வர் ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்று டேன் கீகல் 1999இல் எழுப்பிய சிக்கல் அப்போது பேசப்பட்டு வந்தது. இணைப்புக்கு ஒரு த்ரெட் என்று ஒதுக்கினால் நினைவகம் தாங்காது. எதற்கும் காத்து நிற்காமல், பதில் வந்ததும் சொல் என்று பதிந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகும் முறையை டால் தேர்ந்தார். உலாவியில் அப்படியே பழகியிருந்த ஜாவாஸ்கிரிப்டில், காத்து நிற்கும் பழைய லைப்ரரிகளின் சுமை இல்லை. வெற்றுப் பலகையாக இருந்ததே அதற்கு வசதியாயிற்று.

இதன் விலை என்னவென்று ஒரு சிறு நிரலை வைத்துப் பார்க்கலாம். பிஎச்பியில் பழகியவர் ஒரு கோப்பின் தலைப்பகுதியில் 'இப்போதைய பயனர்' என்று ஒரு மாறியை வைத்து, கோரிக்கை வந்ததும் அதில் பயனரின் பெயரைப் போடுகிறார். பிஎச்பியில் இதனால் கேடு வராது. கோரிக்கை முடிந்ததும் மாறியும் மறைந்துவிடும். அதே பழக்கத்தோடு நோடில் எழுதினால், அந்த மாறி சர்வர் ஓடும் வரை உயிரோடு இருக்கும். எல்லாக் கோரிக்கைகளுக்கும் அது பொது. முதல் பயனரின் தரவுக்காகத் தரவுத்தளத்தைக் கேட்டுக் காத்திருக்கும் இடைவெளியில் இரண்டாம் பயனரின் கோரிக்கை நுழைந்து மாறியை மாற்றிவிடும். முதலாமவரின் திரையில் இரண்டாமவரின் கணக்கு விவரம் தெரியும். ஒருவரே சோதித்துப் பார்க்கும்போது இந்தப் பிழை தலைகாட்டாது. கூட்டம் வரும் நாளில்தான் வெளிப்படும். தொடரியல் எளிதென்பதால் மட்டும் ஒரு மொழி சர்வருக்கு எளிதாகிவிடாது என்பதை இது காட்டுகிறது.

இன்னொரு சுமை, காத்திருக்கும் பங்சன்களும் காத்திருக்காத பங்சன்களும் இரண்டு சாதியாகப் பிரிவது. ஆழத்தில் ஒரே ஒரு பங்சன் காத்திருக்கத் தொடங்கினால், அதை அழைப்பவை அனைத்தும் அந்த வகைக்கு மாற வேண்டும். பாப் நிஸ்ட்ரம் 2015இல் இதை நிறங்களின் சிக்கலாக எழுதி விளக்கினார்.

சிறு சிறு லைப்ரரிகளை அடுக்கிக் கட்டும் பழக்கமும் விமர்சனத்துக்கு உள்ளானது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரி நிரலை அதன் ஆசிரியர் என்பிஎம் கிடங்கிலிருந்து விலக்கிக்கொண்டதும், அதை மறைமுகமாக நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்கள் கட்டமைக்க முடியாமல் நின்றன. இதை ஜாவாஸ்கிரிப்டின் குறையென்று மட்டும் ஒதுக்குவது நியாயமாகாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே லைப்ரரியில் வெளிப்பட்ட ஓட்டை ஜாவா உலகம் முழுவதையும் உலுக்கியது. பிறர் நிரலை நம்பி வாழும் எந்த மொழிக்கும் இந்த ஆபத்து உண்டு.

இத்தனைக்கும் பின் இந்தக் கட்சியே எண்ணிக்கையில் வளர்ந்து வருகிறது. ஆனால் வளர்வது பழைய ஜாவாஸ்கிரிப்ட் அல்ல. ஜாவாஸ்கிரிப்டோடு டைப் குறிப்புகளைச் சேர்த்து 2012இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட், பங்களிப்பாளர் எண்ணிக்கையில் 2025 ஆகஸ்டில் கிட்ஹப்பின் முதல் மொழியாயிற்று என்று அந்நிறுவனம் அறிவித்தது. அதே டைப்ஸ்கிரிப்டின் கம்பைலரை வேகத்துக்காகக் கோ மொழிக்கு மாற்றப்போவதாக 2025 மார்ச்சில் அதன் தலைமை வடிவமைப்பாளர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் தெரிவித்தார். ஒரே மொழி என்ற கட்சியின் தலைமைக் கருவியே இரண்டாவது மொழியைத் தேடிப் போனது சிறிய செய்தி அல்ல.

டைப் இல்லாமல் எழுதிய காலம் முடிந்ததா?

2005 வாக்கில் சூடாக இருந்த சண்டை இது. இந்த மாறியில் எண்தான் வரும், அதில் சரம்தான் வரும் என்று முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லும் மொழிகள் ஒருபுறம், அதெல்லாம் வேண்டாம் என்ற பைத்தான், ரூபி, பிஎச்பி மறுபுறம். இன்று கோடு அழிந்துகொண்டு வருகிறது. பைத்தான் 2015இல் டைப் குறிப்புகளை ஏற்றது. ஃபேஸ்புக் 2014இல் பிஎச்பியிலிருந்து ஹேக் மொழியைப் பிரித்தெடுத்தது. பிஎச்பியே ஏழாம் பதிப்பிலிருந்து இந்தத் திசையில் நகர்ந்தது. ஸ்ட்ரைப் நிறுவனம் ரூபிக்காக சார்பெட் என்ற கருவியை 2019இல் பொதுவில் வைத்தது. எலிக்சிரும் அண்மைப் பதிப்புகளில் படிப்படியாக டைப் சரிபார்ப்பைச் சேர்த்து வருகிறது. மறுபக்கம் ஜாவாவும் சி ஷார்ப்பும் பல இடங்களில் டைப்பைத் தாமே ஊகித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டன.

அப்படியானால் டைப் வைத்திருப்பது நல்லதென்று நிரூபணமாகிவிட்டதா? சான்றுகள் அவ்வளவு உறுதியாக இல்லை. 2014இல் பைஷாகி ரேயும் குழுவினரும் கிட்ஹப்பின் 729 திட்டங்களை, 17 மொழிகளில், ஆராய்ந்து மொழிக்கும் பிழைகளுக்கும் சிறு தொடர்பு இருப்பதாகக் கண்டனர். அது பரவலாக மேற்கோள் காட்டப்பட்டது. எமெரி பெர்கர், யான் வீடெக் உள்ளிட்டோர் அதே தரவை மீண்டும் அலசி 2019இல் வெளியிட்டனர். பெரும்பாலான தொடர்புகள் கரைந்துபோயின. நான்கு மொழிகளில் மட்டும் ஏதோ மிஞ்சியது, அதன் அளவும் மிகச் சிறியது. டைப்ஸ்கிரிப்ட் நிரலென்று முதல் ஆய்வு எண்ணிய கோப்புகள் பலவும் நிரலே அல்ல, அதே பின்னொட்டைக் கொண்ட மொழிபெயர்ப்புக் கோப்புகள் என்பதும் அப்போது தெரியவந்தது. எவ்வளவு பெரிய தரவு என்றாலும் கோப்பைத் திறந்து பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது என்று அந்த மறு ஆய்வு இத்துறைக்கு உணர்த்தியது.

இதைவிடக் கட்டுப்பாடான ஒரு முயற்சி 2017இல் வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களில் நடந்து முடிந்த பிழைகளை எடுத்து, டைப் குறிப்புகளைச் சேர்த்திருந்தால் அவற்றை முன்பே பிடித்திருக்க முடியுமா என்று சோதித்தார்கள். ஏறத்தாழ 15 விழுக்காடு பிடிபட்டது. இது அற்பமான எண் அல்ல. ஆனால் மீதி 85 விழுக்காட்டைச் சோதனைகளும் கவனமும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலும், டைப்பின் பெரிய பயன் பிழை பிடிப்பதில் இல்லாமல், பெரிய நிரலைப் புதியவர் படித்துப் புரிந்துகொள்வதிலும் அச்சமின்றி மாற்றி எழுதுவதிலும் இருக்கக்கூடும். அதை அளக்கும் நல்ல முறை இன்னும் உருவாகவில்லை. சந்தை டைப் பக்கம் சாய்ந்துவிட்டது; ஆய்வு அந்தச் சாய்வைத் தக்க வலுவோடு ஆதரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

வேகம் என்ற வாதம்

2009 நவம்பரில் கூகுள் அறிவித்த கோ மொழியும், 2015இல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட ரஸ்ட்டும் இந்த வாதத்தின் இரு தூண்கள். ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்சன் மூவரும் கோவை வேண்டுமென்றே சிறியதாக வடிவமைத்தனர். ஜெனரிக்ஸ் என்ற அடிப்படை வசதியைக்கூட 2022 வரை சேர்க்கவில்லை. ரஸ்ட் வேறு பாதையில் போனது: எந்த நினைவகம் யாருக்குச் சொந்தம் என்பதைக் கம்பைலரே கணக்கு வைத்துக்கொள்ளும். ஆகவே பயன்படாத நினைவகத்தை ஓடும்போது தேடித் துடைக்கும் துப்புரவு வேலை அங்கே கிடையாது.

அந்தத் துப்புரவு வேலை எவ்வளவு உறுத்தும் என்பதற்கு டிஸ்கார்ட் நிறுவனம் 2020இல் வெளியிட்ட அனுபவம் பலராலும் சுட்டப்படுகிறது. ஒவ்வொரு பயனரும் எந்தச் செய்திவரை படித்திருக்கிறார் என்று நினைவில் வைத்திருக்கும் சேவை அது. கோ மொழியில் எழுதப்பட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதன் பதில் நேரம் எகிறியது. கோ குறைந்தது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது நினைவகத்தைத் துழாவியே தீரும் என்பதும், கோடிக்கணக்கான பதிவுகளைக் கொண்ட தற்காலிகச் சேமிப்பு முழுவதையும் அப்போது அது வலம்வர வேண்டியிருந்தது என்பதும் காரணம். ரஸ்ட்டில் மாற்றி எழுதியதும் அந்த எகிறல் மறைந்தது.

எடுத்துக்காட்டு உண்மையானது. அதைப் பொதுவாக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. சாதாரண இணையதளத்தில் ஒரு கோரிக்கையின் நேரத்தில் பெரும்பங்கு தரவுத்தளத்துக்கும் பிற சேவைகளுக்கும் காத்திருப்பதில் போகிறது. மொழியை மாற்றுவதைவிடத் தரவுத்தளத்தில் ஒரு இண்டெக்ஸ் சேர்ப்பது பெரும் பலன் தரும் நிலையே அங்கே பெரும்பாலும் இருக்கிறது. 2013 முதல் வந்த டெக்எம்பவர் ஒப்பீடுகள் இரு ஃபிரேம்வொர்க்குகளுக்கு இடையே பன்மடங்கு வேக வேறுபாட்டைக் காட்டின. ஆனால் அந்தச் சோதனைகளுக்கென்றே செதுக்கப்பட்ட நிரல்கள் அவை. மேகக் கணிமைக் கட்டணம் மாதந்தோறும் வரும் இக்காலத்தில் வேகம் பணமாகிறது என்பதை மறுப்பதற்கில்லை. அந்தப் பணம் நிரலாளர் ஊதியத்தை விஞ்சும் அளவுக்கு எத்தனை நிறுவனங்கள் இருக்கும் என்பதே கேள்வி.

பாதுகாப்பு என்ற கிளை வாதத்துக்கும் ஒரு சொல். நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாறுமாறு அமெரிக்க வெள்ளை மாளிகையின் இணையப் பாதுகாப்பு அலுவலகம் 2024 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. அது சி, சி++ மொழிகளை நோக்கியது. ஜாவா, பைத்தான், பிஎச்பி ஆகியவற்றில் எழுதுபவர்கள் அந்தப் பாதுகாப்பை முன்பிருந்தே பெற்றிருக்கிறார்கள். எஸ்க்யூஎல் ஊடுருவல், அனுமதிச் சோதனை விடுபடுதல் போன்ற இணையதளங்களின் வழக்கமான ஓட்டைகளை ரஸ்ட்டும் தானாக அடைத்துவிடாது.

ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர்

இங்கே ஒரு பழைய விடை மெல்ல வென்றிருக்கிறது என்று சொல்லத் துணியலாம். தொலைபேசி இணைப்பகங்களுக்காக எரிக்சன் நிறுவனத்தில் 1986 முதல் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் தோழர்களும் உருவாக்கிய எர்லாங்கில், ஒவ்வொரு உரையாடலுக்கும் மிக இலகுவான தனி புராசஸ் உண்டு. ஒன்று விழுந்தால் மற்றவை பாதிக்கப்படுவதில்லை, விழுந்ததை மேற்பார்வை புராசஸ் மீண்டும் எழுப்பும். ஒவ்வொரு கோரிக்கையையும் தனிமைப்படுத்திய பிஎச்பியின் குணமும், நீண்டநேரம் இணைப்பைப் பிடித்து வைக்கும் நோடின் குணமும் ஒருசேர அங்கே இருந்தன. எர்லாங்கில் எழுதப்பட்ட வாட்ஸ்அப் 2012இல் ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கிக் காட்டியது. 2014இல் ஃபேஸ்புக் அதை வாங்கியபோது 45 கோடிப் பயனர்கள் இருந்தார்கள், பொறியாளர்கள் சில டஜன் பேர்தான்.

ஆனாலும் எர்லாங் பெருவழக்காகவில்லை. ஜோசே வாலிம் அதே அடித்தளத்தில் கட்டிய எலிக்சிர் நிரலாளர்களின் அன்பைப் பெற்றது, எண்ணிக்கையைப் பெறவில்லை. பரவியது எண்ணம்தான். கோவின் கோருட்டீன்கள் அதே திசையில் வந்தவை. 2023 செப்டம்பரில் ஜாவா 21 மெய்நிகர் த்ரெட்களைக் கொண்டுவந்தது. ஜாவா நிரலாளர் இனி வழக்கம்போல் வரிசையாக எழுதலாம், காத்திருப்பு நேரத்தை இயந்திரமே வேறு வேலைக்குத் திருப்பிவிடும். பங்சன்களுக்கு நிறம் பூச வேண்டியதில்லை. பைத்தானும் ஒரே நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் தன் உலகப் பூட்டைக் கழற்றும் வேலையில் இறங்கி, 2024இல் சோதனை நிலையிலும் அடுத்த ஆண்டு அதிகாரபூர்வ ஆதரவோடும் பூட்டில்லாப் பதிப்பை வெளியிட்டது. நோட் தோன்றக் காரணமான சிக்கலுக்கு இன்று மொழி மாறாமலேயே தீர்வு கிடைக்கிறது.

சாகாத மொழிகளும் அவற்றின் பழைய கடனும்

பிஎச்பி சாகிறது என்று அறிவிக்கப்பட்ட முறைகள் ஏராளம். ஆனால் எந்த மொழியென்று கண்டறிய முடிந்த தளங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்றும் பிஎச்பியில் ஓடுவதாக டபிள்யூ3டெக்ஸ் கணிப்புகள் காட்டிவருகின்றன. இதில் பெரும்பங்கு வேர்ட்பிரஸ் என்பதையும், தளங்களின் எண்ணிக்கை வேலையின் அளவைக் காட்டாது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். அப்படிக் கழித்தாலும் மிஞ்சுவது பெரிது.

2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7 பல தளங்களில் முந்தையதைவிட இருமடங்கு வேகம் காட்டியது. ஃபேஸ்புக் தன் தேவைக்காக உருவாக்கிய எச்எச்விஎம் இயந்திரத்தின் போட்டி அதற்கு உந்துதல் என்று கருதப்படுகிறது. ரூபிக்கும் இதே அனுபவம்: ஷாப்பிஃபை பொறியாளர்கள் வேகத்துக்காக எழுதிய ஒய்ஜிட் கம்பைலர் 2021இல் ரூபிக்குள் சேர்ந்தது. ஒரு மொழியை விட்டுப் போக முடியாத அளவுக்கு அதில் எழுதிவிட்ட நிறுவனம், அந்த மொழியையே சீர்திருத்தப் பணம் கொடுக்கிறது. ஆனால் அந்தப் பணம் எல்லா மொழிக்கும் எப்போதும் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. 2021 நவம்பரில் பிஎச்பி அறக்கட்டளை தொடங்கப்பட்டதற்கு நேரடிக் காரணம், உள்கட்டமைப்பில் பெரும்பங்கு வேலை செய்துவந்த நிகிதா பாப்போவ் வேறு பணிக்குச் செல்ல முடிவெடுத்தது. உலகின் தளங்களில் பெரும்பகுதியைத் தாங்கும் மொழியின் நுணுக்கம் தெரிந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

பழைய மொழிகள் மாறும்போது எங்கே திணறுகின்றன என்பதைத் தமிழில் தளம் நடத்துபவர்கள் நன்கு அறிவார்கள். பதிவுப் படிவத்தில் 'செல்வராணி' என்று ஒருவர் பெயரிடுகிறார். நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் ஒன்பது குறிகள். யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது 27 பைட்டுகள். பெயர் 20 எழுத்தைத் தாண்டக்கூடாது என்று விதி வைத்து, பிஎச்பியின் வழக்கமான நீளம் அளக்கும் பங்சனால் சோதித்தால் 27 என்று வரும், பெயர் நிராகரிக்கப்படும். கோவும் ரஸ்ட்டும்கூட இயல்பாகப் பைட்டுகளையே எண்ணுகின்றன. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் மூன்றும் 9 என்கின்றன. கேட்டவுடன் 5 என்று சொல்வது எலிக்சிர் போன்ற வெகுசிலவே. மற்ற மொழிகளிலும் சரியாக எண்ண வழியுண்டு. பிஎச்பியில் அதற்கென்றே வேறு பங்சன் இருக்கிறது. ஆனால் அது இயல்புநிலை அல்ல, தெரிந்தவர் தேடி எடுக்க வேண்டியது.

இதைச் சரிசெய்ய இரு மொழிகள் இரு வழிகளில் முயன்றன. முழு யூனிகோட் ஆதரவோடு திட்டமிடப்பட்ட பிஎச்பி 6 சிக்கலும் மந்தமுமாகி 2010இல் கைவிடப்பட்டது. ஐந்திலிருந்து நேராக ஏழுக்குத் தாவியதன் பின்னணி இது. பைத்தானோ 2008இல் பழைய நிரல்கள் உடைந்தாலும் சரியென்று மூன்றாம் பதிப்பில் சரங்களை மாற்றியது. இரண்டாம் பதிப்புக்கு விடைகொடுக்க 2020 ஜனவரி வரை ஆனது. பைத்தான் பன்னிரண்டு ஆண்டு வலியைத் தாங்கித் தெளிவான அடித்தளத்தைப் பெற்றது. பிஎச்பி யாரையும் உடைக்காமல் கடனைப் பயனர்களிடம் விட்டுவைத்தது. இரண்டில் எது சரியென்பது யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. தமிழில் பெயர் எழுதுபவரின் தரப்பிலிருந்து பார்த்தால் பைத்தான் எடுத்த முடிவுக்கே நன்றி சொல்லத் தோன்றும்.

மொழியே பொருட்டல்ல என்ற கட்சி

எந்த மொழியில் எழுதினாலும் ஒரே இடைநிலை வடிவத்துக்குத் தொகுத்து, எந்தச் சர்வரிலும் பாதுகாப்பான கூண்டுக்குள் ஓட்டலாம் என்பது வெப்அசெம்பிளி தரும் வாக்குறுதி. 2019 டிசம்பரில் அது டபிள்யூ3சியின் தரமாயிற்று. உலாவிக்கு வெளியே ஓட்டுவதற்கான வாசி இடைமுகம் அதே ஆண்டு வந்தது. 2008இல் இவ்விரண்டும் இருந்திருந்தால் டாக்கரே தேவைப்பட்டிருக்காது என்று டாக்கரை உருவாக்கியவர்களுள் ஒருவரான சாலமன் ஹைக்ஸ் அப்போது எழுதினார். ஆண்டுகள் கடந்தும் டாக்கர் தன் இடத்தில்தான் இருக்கிறது. ரஸ்ட்டில் எழுதியதை வெப்அசெம்பிளியாக்குவது எளிது. பைத்தானையோ ரூபியையோ கொண்டுபோனால் மொழியின் இயந்திரம் முழுவதையும் கூடவே சுமக்க வேண்டியிருக்கிறது. ஜாவாவின் மெய்நிகர் இயந்திரமும் டாட்நெட்டும் முன்பு சொன்ன வாக்குறுதியின் மறுவடிவம் இது. அவை வென்ற அளவுக்கு இதுவும் வெல்லலாம், அதைத் தாண்டும் என்பதற்கு இப்போதைக்குச் சான்று குறைவு.

எழுதுவது இயந்திரமானால்

2021இல் கோபைலட் முன்னோட்டமும் 2022 நவம்பரில் சாட்ஜிபிடியும் வந்த பிறகு கேள்வியின் அடித்தளமே ஆட்டம் கண்டிருக்கிறது. இதுவரை பார்த்த வாதங்கள் எல்லாம் நிரலை எழுதுபவர் மனிதர் என்று எடுத்துக்கொண்டவை. தட்டச்சு குறைவு, கற்க எளிது, ஆள் கிடைப்பார் என்பவையெல்லாம் மனிதரைக் கருதிச் சொல்லப்பட்டவை.

இங்கே எதிரெதிரான இரு எதிர்பார்ப்புகள் நிலவுகின்றன. ஒன்று, ஏற்கெனவே அதிகம் எழுதப்பட்ட மொழிகளையே மொழி மாதிரிகள் நன்றாக எழுதும்; ஆகவே பைத்தானும் டைப்ஸ்கிரிப்டும் இருக்கும் இடத்திலேயே உறைந்து நிற்கும், புதிய மொழிக்குக் கதவு மூடும். மற்றொன்று, எழுதும் சுமை குறைவதால் கடினமான மொழி என்ற தயக்கம் போய்விடும். இயந்திரம் எழுதியதை உடனுக்குடன் கண்டிக்கும் கண்டிப்பான கம்பைலர் இருக்கும் மொழிகளே மேலோங்கும். டைப்ஸ்கிரிப்டின் அண்மை எழுச்சி இரண்டுக்கும் பொருந்துவதால் எதையும் தீர்த்துவைக்கவில்லை.

மேயரோவிச், ராப்கின் ஆய்வை நினைவில் வைத்துப் பார்த்தால் முதல் எதிர்பார்ப்புக்குச் சற்றுக் கூடுதல் பலம் இருப்பதாகத் தோன்றுகிறது. லைப்ரரிகளும் பழைய நிரலும் மனிதரை இழுத்ததுபோலவே இயந்திரத்தையும் இழுக்கின்றன. ஆனால் பழைய நிரலை வேறு மொழிக்குப் பெயர்க்கும் செலவை இதே கருவிகள் குறைத்துவிட்டால் அந்த ஈர்ப்பும் தளரும். டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர் போன்ற இடமாற்றங்கள் அரிய வீரச்செயலாக இல்லாமல் வழக்கமான பராமரிப்பு வேலையாக ஆகிவிடலாம்.

திறந்தே இருப்பவை

கையிலுள்ள சான்றுகளை வைத்துச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மொழிகளின் வசதிகள் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன; டைப்பிலும் ஒரே நேரப் பணியிலும் இது தெளிவு. வேகத்துக்காக மொழி மாற வேண்டிய தேவை சில சேவைகளுக்கு மெய்யாகவே உண்டு, பெரும்பாலான தளங்களுக்கு இல்லை. பெரிய அளவில் வேரூன்றிய மொழி எதுவும் சர்வரிலிருந்து முழுமையாக விரட்டப்படவில்லை. பெர்ல்கூடப் பின்வாங்கியதே தவிர மறையவில்லை. ஜாவாஸ்கிரிப்டின் மறுவடிவமான டைப்ஸ்கிரிப்டைத் தவிர, கோவும் நோடும் அறிமுகமான 2009க்குப் பிறகு வந்த எந்த மொழியும் சர்வரில் அவற்றுக்கு ஈடாகப் பரவவில்லை. இது நிரந்தரத் தேக்கமா, அடுத்த இடமாற்றத்துக்கான இடைவேளையா என்பதைச் சொல்ல முடியவில்லை. ஏற்றும் இடமே மொழியைத் தீர்மானிக்கிறது என்ற இக்கட்டுரையின் கருத்து சரியென்றால், கவனிக்க வேண்டியது புதிய மொழிகளை அல்ல, புதிய ஓட்டுமிடங்களை: உலாவிக்கு அருகே நகரும் விளிம்புச் சர்வர்கள், இயந்திரம் எழுதிய நிரலை நம்பாமல் கூண்டுக்குள் வைத்து ஓட்ட வேண்டிய சேவைகள்.

மொழிகளைப் பராமரிப்பது யார் செலவில் என்பதற்கும் நிலையான விடை இல்லை. டைப்ஸ்கிரிப்டுக்கு மைக்ரோசாஃப்ட், கோவுக்கு கூகுள், ஜாவாவுக்கு ஆரக்கிள் என்று ஒற்றைப் புரவலரை நம்பியிருப்பவை ஒருவகை ஆபத்தில் இருக்கின்றன. அறக்கட்டளைகளை நம்பும் பிஎச்பி, பைத்தான், ரஸ்ட் வேறுவகை ஆபத்தில். எது நீடிக்கும் என்று ஒப்பிட்டுச் சொல்லும் ஆய்வு தேவைப்படுகிறது. இயந்திரம் எழுதிய நிரலைப் பற்றிய வாதத்துக்கோ இன்னும் காலமே போதவில்லை. சர்வர் நிரலின் பெரும் செலவு எழுதுவதில் இல்லை, பின்னால் பல ஆண்டுகள் திருத்திக்கொண்டே இருப்பதில்தான். 2022க்குப் பின் எழுதப்பட்ட அந்த நிரல்கள் குழு மாறி, பதிப்பு மாறி, பத்தாண்டுப் பராமரிப்பைக் கடந்த பிறகே எந்த மொழி அவற்றுக்கு ஏற்றதாயிருந்தது என்று அளக்க முடியும்.